மதிப்பெண்ணை விடுங்கள், வாசகரின் கைப்பேசியைப் பாருங்கள்

இணையதளம் மெதுவாகத் திறக்கிறது, அதனால் கூகுள் தேடலில் பின்தங்குகிறோம் என்ற கவலையோடு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. திருச்சியில் சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கவலையை அன்றாடம் கேட்கிறேன். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், நாங்கள் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறோம். கூகுளின் பேஜ்ஸ்பீட் வேகச் சோதனையில் எங்கள் தளத்துக்கு மொபைலில் 34 மதிப்பெண்தான் வருகிறது. ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, “இதை 100 ஆக்கித் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள், 60,000 ரூபாய் ஆகும்” என்கிறார்கள். கொடுக்கலாமா?
— கடை உரிமையாளர், காஞ்சிபுரம்

கொடுக்க வேண்டாம். முதல் பக்கம் நிச்சயம் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தளம் எங்கே வரும் என்று உத்தரவாதம் தரும் அதிகாரம் வெளியாள் எவருக்கும் கிடையாது.

அந்த 34 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பேஜ்ஸ்பீட் அறிக்கையில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழே வட்டத்துக்குள் மதிப்பெண் தெரிகிறதே, அது ஒரு பரிசோதனை. லைட்ஹவுஸ் என்ற கருவி ஒரு நடுத்தரக் கைப்பேசியையும், நொடிக்கு 1.6 மெகாபிட் மட்டுமே தரும் மெதுவான 4ஜி இணைப்பையும் போலச் செய்து உங்கள் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்க்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்தால் மதிப்பெண் சற்று ஏறலாம், இறங்கலாம். உங்களுக்கு முக்கியமானது மேல்பகுதி. குரோம் உலாவியில் உண்மையிலேயே உங்கள் தளத்துக்கு வந்துபோனவர்களின் கடந்த 28 நாள் அனுபவம் அங்கே இருக்கும். கூகுள் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பது இந்த உண்மை அனுபவத்தைத்தான். வட்டத்து மதிப்பெண் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

மேல்பகுதியில் மூன்று அளவுகளைப் பாருங்கள். எல்.சி.பி. என்பது திரையின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ கண்ணுக்குத் தெரிய ஆகும் நேரம், 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஐ.என்.பி. என்பது விரலால் தொட்ட பிறகு திரையில் மாற்றம் தெரிய ஆகும் நேரம். 200 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். சி.எல்.எஸ். என்பது படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதன் அளவு, 0.1-க்குள் இருக்க வேண்டும். நான்கு வருகைகளில் மூன்றிலாவது இந்த எல்லைக்குள் வந்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். மூன்றும் பச்சையாக இருந்து கீழே 34 மட்டும் சிவப்பாக இருந்தால், அந்தச் சிவப்புக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

வேகத்தைத் தரவரிசையில் சேர்ப்பதாக கூகுள் அறிவித்தது 2010 ஏப்ரலில். அப்போதே, நூறு தேடல்களில் ஒன்றுக்கும் குறைவாகவே இதனால் மாறும் என்று சொல்லிவிட்டார்கள். 2018 ஜூலையில் மொபைல் தேடலுக்கும் கொண்டுவந்தார்கள். மிக மெதுவான பக்கங்களைத்தான் அது பாதிக்கும் என்றார்கள். நான் மேலே சொன்ன அளவுகளின் வரிசை 2021-இல் நடைமுறைக்கு வந்தது, அதில் ஐ.என்.பி. மட்டும் பிறகு சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும், தேடியதற்குப் பொருத்தமான பக்கம் சற்று மெதுவாக இருந்தாலும் அதையே காட்ட முயல்வோம் என்றுதான் கூகுளின் வழிகாட்டி சொல்கிறது. தரவரிசைக்காக மட்டும் முழு மதிப்பெண் தேடி அலைவது நேரத்தை நல்ல வகையில் செலவிடுவதாகாது என்றும் அதில் இருக்கிறது.

உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு புடவைக்கு மூன்று படங்கள், ஓர் எண், அழைக்கத் தொலைபேசி. வேறு ஒன்றும் இல்லை. கோர்வையா, ஜரிகை எப்படிப்பட்டது, எடை எவ்வளவு, முந்தானையில் என்ன வேலைப்பாடு, சில்க் மார்க் உண்டா, விலை என்ன என்று ஒரு வரியும் இல்லாத பக்கத்தைத் தேடுபொறி எந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்டும்? மணப்பெண்ணின் அம்மா தேடும் சொற்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் நீங்கள் அவர் கண்ணில் படுவீர்கள். உங்கள் கடையில் புடவையை மடி பிரித்துக் காட்டும்போது என்ன சொல்வீர்களோ அதை அப்படியே ஒவ்வொரு புடவைக்குக் கீழும் எழுதுங்கள். இதற்கு 60,000 ரூபாய் ஆகாது.

அப்படியானால் வேகம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். கூகுள் 2009-இல் தன் தேடல் முடிவுகளை வேண்டுமென்றே 100 முதல் 400 மில்லிவிநாடி வரை தாமதித்துப் பார்த்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்கே மக்கள் செய்யும் தேடல்கள் 0.2 முதல் 0.6 சதவிகிதம் வரை குறைந்தன. கூகுளையே விட்டு விலகுகிறவர்கள் நம் பக்கத்துக்காக எட்டு விநாடி காத்திருக்க மாட்டார்கள். தேடலில் கிடைத்து, தொட்டு, வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாரே, அந்த வாடிக்கையாளரை இழப்பதுதான் உண்மையான நஷ்டம். வேகத்தை அவருக்காகச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் ஊர்ச் சமையலை எழுதி வருகிறேன். சொதிக் குழம்புப் பக்கத்தில் படிப்படியாகப் பதினான்கு படங்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் என் கைப்பேசியில் எடுத்தவை. என் வீட்டில் உடனே திறக்கிறது. தங்கை ஊரில் திறக்கவே மாட்டேன் என்கிறது. படங்களைக் குறைக்க மனம் வரவில்லை.
— இல்லத்தரசி, திருநெல்வேலி

குறைக்க வேண்டாம். தேங்காய்ப்பாலின் மூன்றாம் பால் எப்போது, முதல் பால் எப்போது என்று படத்தில் காட்டியிருக்கிறீர்கள். சொதி தெரியாதவருக்கு அந்தப் படங்கள்தான் பாடமே. எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு எடையைக் குறைப்போம்.

இன்றைய கைப்பேசிகள் பல, 12 மெகாபிக்சல் என்ற அளவில், அதாவது அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளுமாகப் படம் எடுக்கின்றன. ஒரு படம் நான்கு மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். முன் பதிலில் சொன்ன 1.6 மெகாபிட் இணைப்பில் அந்த ஒரு படம் மட்டும் வந்து சேர 20 விநாடி ஆகும். உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். அதோடு நீங்கள் ஏற்கெனவே பார்த்த படங்களை உலாவி சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் உங்களுக்குத் தெரிவதில்லை. படிப்பவரின் கைப்பேசித் திரையோ பெரும்பாலும் 1,080 புள்ளி அகலம்தான். மிச்சப் புள்ளிகளுக்கு அவருடைய டேட்டா செலவாகிறது, கண்ணுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

படத்தை 1,200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி என்ற படக்கோப்பு வடிவில், தரத்தை 75 அல்லது 80 என்று வைத்துச் சேமியுங்கள். பெரும்பாலும் 100 முதல் 200 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். அதே மெதுவான இணைப்பில் 150 கிலோபைட் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடும். இதற்கு ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கியது. உலாவியிலேயே வேலை செய்யும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதியது என்று நடுக்கோட்டை நகர்த்தி ஒப்பிடலாம். கொத்துமல்லித் தழையின் ஓரமும் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயும் கெடாமல் இருக்கின்றனவா என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் படத்தில் முதலில் கெடுவது அவைதான்.

நீங்கள் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளை வைத்திருக்கிறீர்கள். அது பெரிய படத்தை ஏற்றினாலும் சிறிய பிரதிகளைத் தானே செய்துகொள்ளும். 2,560 புள்ளிக்கு மேற்பட்டதை 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து தானாகவே சுருக்கவும் செய்யும். ஆனால் இதை நம்பிக் கைவேலையை விட்டுவிடாதீர்கள். படத்தைச் செருகும்போது ‘முழு அளவு’ என்று தேர்ந்தெடுத்தால் பெரிய கோப்பே போய் உட்கார வாய்ப்பிருக்கிறது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கீழே உள்ள படங்கள், வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கினால் போதும். இதற்கு லேசி லோடிங் என்று பெயர். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இதைத் தானே செய்கிறது. இதன் மேல் இன்னொரு பிளகினை, அதாவது கூடுதல் நிரலைப் போட்டு, பக்கத்தின் உச்சியில் இருக்கும் முதல் படத்தையும் காத்திருக்க வைத்துவிடுகிறார்கள். எல்.சி.பி. கணக்கில் பெரும்பாலும் அளக்கப்படுவதே அந்த முதல் படம்தான். அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள். முன்னுரிமையோடு இறங்கும்படி குறித்து வையுங்கள். உங்கள் பக்கத்தில் இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும் என்று நினைக்கிறேன்.

நடுவில் வைத்திருக்கும் யூடியூப் காணொளியையும் கவனியுங்கள். யாரும் தொடாவிட்டாலும் அந்தச் சட்டகம் தன் ஸ்கிரிப்ட்களையெல்லாம் இறக்கிவிடும். அதற்குப் பதில் ஒரு படத்தை வைத்து, தொட்டால் மட்டும் காணொளி வரும்படி செய்யலாம்.

முடிந்ததும் உங்கள் கைப்பேசியில் சோதிக்காதீர்கள். தங்கையின் கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, மறைமுக (இன்காக்னிட்டோ) சாளரத்தில், கூகுளில் தேடி அங்கிருந்து திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வாசகர் வரும் வழி அதுதான். திருச்சியில் நானும் இப்படித்தான் செய்கிறேன். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, மாலை நெரிசலில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அங்கே திறக்கும் பக்கம் எங்கும் திறக்கும்.

கேள்வி: அக்கா, ஐ.என்.பி. என்பதைச் சரிசெய்வதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? எஃப்.ஐ.டி. என்று படித்துத் தேர்வு எழுதினோம், இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள்.
— கணினி அறிவியல் மாணவர், கோயம்புத்தூர்

பெயர் மட்டும் மாறவில்லை, தம்பி. பழைய அளவான எஃப்.ஐ.டி., முதல் தொடுதலுக்குப் பிறகு உலாவி அதைக் கவனிக்கத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் பார்த்தது. 2024 மார்ச் 12 அன்று அதன் இடத்துக்கு வந்த ஐ.என்.பி., பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் நடக்கும் தொடுதல்களைக் கவனிக்கிறது. அதுவும் திரை மாறித் தெரியும் வரைக்குமான நேரத்தை அளக்கிறது. பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ் தளம் தன் ஐ.என்.பி.யைச் சரிசெய்த பிறகு விற்பனை 7 சதவிகிதம் கூடியது என்று கூகுளின் வெப்.டெவ் தளத்தில் பதிவு செய்திருக்கிறது. தேடித் தேதியைத் தொட்டால் உறைந்து நிற்கும் பக்கத்தில் யார் பணம் கட்டுவார்கள்? ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போது நீண்ட வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுநடுவே உலாவிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கப் பழகிக்கொள். இதைத் தெரிந்துகொண்டு வரும் பிள்ளைகள் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறார்கள்.

கேள்வி: மொபைலில் வேகமாகத் திறக்க கூகுள் கொண்டுவந்த ஏ.எம்.பி. பக்க வடிவம் செய்திப் பக்கங்களுக்கு இன்னும் வேண்டுமா?
— வாசகர், மதுரை

வேண்டாம். 2021 ஜூனிலிருந்து கூகுளின் முக்கியச் செய்திகள் பகுதியில் இடம்பெற அது நிபந்தனையாக இல்லை. சாதாரணப் பக்கத்தையே வேகமாக வைத்திருங்கள்.

கேள்வி: வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி இணையத்தளம் நடத்துகின்றோம். வாசகர்கள் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் கனடாவிலும் இங்கிலாந்திலும். சேர்வர் அமெரிக்காவின் டெக்சாஸில். கனடா வாசகர்கள் பரவாயில்லை என்கிறார்கள். உள்ளூர்ப் பாவனையாளர்கள் திட்டுகிறார்கள். விளம்பரம் இல்லாமல் நடத்தவும் முடியாது.
— ஆசிரியர், யாழ்ப்பாணம்

உங்கள் உள்ளூர் வாசகர் திட்டுவதற்கு இயற்பியலே காரணமாக இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். யாழ்ப்பாணத்துக்கும் டெக்சாஸுக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். போய்வர 150 மில்லிவிநாடி. கடலடிக் கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவியைப் பரிமாற ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை என்று மூன்று தடவை போய்வர வேண்டும். முதல் எழுத்து புறப்படுவதற்குள் அரை விநாடி பறந்துவிடுகிறது. உங்கள் சேர்வர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்த அரை விநாடியைக் குறைக்க முடியாது.

இதற்குத்தான் சி.டி.என். என்ற ஏற்பாடு. உங்கள் பக்கத்தின் பிரதிகளை உலகின் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு அருகில் இருப்பதைக் கொடுக்கும். கிளவுட்ஃபிளேருக்குக் கொழும்பிலும் சென்னையிலும் மையங்கள் உண்டு; டொராண்டோ, லண்டனிலும் உண்டு. இலவசத் திட்டமும் இருக்கிறது. ஆனால் இதைச் சேர்த்துவிட்டோம், வேகம் கூடவில்லை என்று பலர் சொல்வார்கள். காரணம், அது இயல்பாகப் படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் மட்டுமே சேமிக்கும். செய்தி இருக்கும் பக்கத்தைச் சேமிக்காது. ஒவ்வொரு வாசகருக்கும் அது டெக்சாஸுக்கே போய் வரும். பக்கத்தையும் சில நிமிடங்களுக்குச் சேமிக்கும்படி நீங்கள் விதி எழுத வேண்டும். முகப்புக்கு ஒன்றிரண்டு நிமிடம், பழைய செய்திகளுக்குப் பல மணி நேரம் என்று வைக்கலாம். செய்தியைத் திருத்தினால் சேமித்த பிரதியை உடனே அழிக்கவும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தவறான பெயரோடு வந்த மரண அறிவித்தலின் பழைய பிரதி ஐந்து நிமிடம் நின்றால்கூட ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு வேதனை என்று உங்களுக்குத் தெரியும்.

விளம்பரத்துக்கு வருகிறேன். அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். நிருபருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் விளம்பரம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்குங்கள். 250 புள்ளி உயரத்தில் விளம்பரம் வருமென்றால், அது வருவதற்கு முன்பே அங்கே 250 புள்ளி வெற்றிடம் இருக்க வேண்டும். இப்போது உங்கள் பக்கத்தில் செய்தியின் இரண்டாம் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் வந்து இறங்கி, பத்தி திரையை விட்டே கீழே போய்விடுகிறது. வயதானவர்கள் வரியைத் தொலைத்துவிடுவார்கள். பலர் தெரியாமல் விளம்பரத்தைத் தொட்டுவிடுவார்கள். சி.எல்.எஸ். என்ற அளவு பிடிப்பது இதைத்தான். படங்களுக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிட்டுவிட்டால் அவையும் குதிக்காது.

உங்கள் பக்கம் அழைக்கும் வெளி ஸ்கிரிப்ட்களில், இன்று யாருக்கும் எதற்கென்று தெரியாத பழைய வருகை எண்ணும் கருவி ஒன்றும் பகிர்வுப் பொத்தான்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் காட்டி, “இது யாருக்காக?” என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராததை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நேந்திரம் சிப்ஸ் விற்கும் தளம் வைத்திருக்கிறோம். வேகத்துக்காக மூன்று கேச் பிளகின்கள் போட்டோம். இப்போது ஒருவர் கூடையில் போட்ட பொருள் இன்னொருவருக்குத் தெரிகிறது.
— தொழில்முனைவோர், நாகர்கோவில்

முதலில் மூன்றையும் அணையுங்கள். பொருள் மாறித் தெரிவது வேகப் பிரச்சினை இல்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கை போகிற விஷயம். இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

கேச் இல்லாத வேர்ட்பிரஸ், வருகிற ஒவ்வொருவருக்கும் அரிசி ஊறவைப்பதிலிருந்து ஆரம்பிக்கும் இட்லிக் கடை. ஒவ்வொரு வருகைக்கும் பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரல் ஓடி, தரவுத்தளத்தைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். கேச் பிளகின் ஒரு தடவை கட்டிய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உடனே கொடுக்கும். முகப்பு, பொருள் பக்கம், உங்கள் ஊர் வரலாறு எழுதிய பக்கம் எல்லாவற்றுக்கும் இது சரி. கூடை, பணம் கட்டும் பக்கம், என் கணக்கு ஆகிய மூன்றையும் ஒருபோதும் சேமிக்கக் கூடாது. நல்ல பிளகின், வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸை அடையாளம் கண்டு இவற்றைத் தானே விலக்கும். மூன்று பிளகின்கள் இருந்தால் ஒன்று விலக்கியதை இன்னொன்று சேமித்துவிட முடியும். ஒன்றே ஒன்றை வையுங்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் லைட்ஸ்பீட் சர்வர் என்று இருந்தால் லைட்ஸ்பீட் கேச் போதும். வைத்த பிறகு இரண்டு கைப்பேசிகளில் வெவ்வேறு பொருளைக் கூடையில் போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் சர்வர் பதில் சொல்ல 0.8 விநாடிக்கு மேல் ஆனால், பி.எச்.பி. பதிப்பைப் பாருங்கள். 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் புதிய பதிப்பு ஒன்றுக்கு மாறுங்கள். காப்புப் பிரதி எடுத்துவிட்டு மாறுங்கள். சர்வர் மெதுவானால் கூகுள் பக்கங்களை எடுக்க வருவது குறைந்துவிடும் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான் என்றாலும், லட்சக்கணக்கான பக்கங்கள் உள்ளவர்களின் கவலை. நாற்பது வகைச் சிப்ஸுக்கு அது பொருந்தாது.

கேள்வி: நானும் சில நண்பர்களும் பழைய தமிழ்ச் சிற்றிதழ்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து ஓர் இணையத்தளத்தில் சேர்த்து வருகிறோம். அழகான எழுத்துரு வைத்திருக்கிறோம். அதுதான் பக்கத்தை மெதுவாக்குகிறது என்கிறார்கள். தேடலிலும் பழைய கட்டுரைகள் அகப்படுவதே இல்லை. எழுத்துருவை எடுத்துவிட்டால் சரியாகுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்கப்பூர்

ஐயா, இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். உங்கள் கடிதம் வந்த அன்றே தளத்தைப் பார்த்தேன். செய்திருக்கும் வேலையைக் கண்டு மனம் நிறைந்துவிட்டது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எழுத்துருவில் ஆரம்பிக்கிறேன். மெல்லியது, சாதாரணம், தடித்தது, மிகத் தடித்தது என்று நான்கு கோப்புகளை, அதுவும் கணினியில் நிறுவும் டி.டி.எஃப். வடிவிலேயே வைத்திருக்கிறீர்கள். வலைக்கென்றே உள்ள வாஃப்2 வடிவுக்கு மாற்றினால் கோப்பு நன்றாகச் சுருங்கும். நான்கில் இரண்டு போதும். கோப்பை மேலும் வெட்டிச் சிறிதாக்கும் கருவிகள் உண்டு. ஆங்கிலத்துக்கு வேண்டாத எழுத்துகளைத் தூக்கிவிடலாம். தமிழில் கவனம் வேண்டும். யூனிகோடில் ‘கு’ என்பது ஒரே எழுத்தாக இல்லை. ‘க’வும் உகரக் குறியும் அடுத்தடுத்து இருக்கும், அவற்றை இணைத்து ஒரே வடிவமாக்கும் விதி எழுத்துருக் கோப்புக்குள் இருக்கிறது. அந்த விதிகளையும் சேர்த்து வெட்டிவிட்டால் ‘கு’, ‘கூ’, ‘ஸ்ரீ’ எல்லாம் உடைந்து தெரியும். வெட்டிய பிறகு உயிர்மெய் அட்டவணை முழுவதையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள். ஆசிரியராக இருந்த உங்களுக்கு இதை வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துரு இறங்கும் வரை சில உலாவிகள் எழுத்தையே காட்டாமல் சில விநாடிகள் வெறுமையாக வைத்திருக்கும். ‘ஃபான்ட்-டிஸ்பிளே: ஸ்வாப்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால், சாதனத்தில் இருக்கும் தமிழ் எழுத்துருவில் உடனே காட்டிவிட்டு உங்கள் எழுத்துரு வந்ததும் மாற்றிக்கொள்ளும். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று இன்று பெரும்பாலான சாதனங்களில் படிக்கத் தகுந்த தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. கட்டுரைக்கு அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் அழகான எழுத்துரு தலைப்புகளில் மட்டும் நிற்கட்டும்.

இன்னொரு சிறு விஷயம். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘அம்மா’ என்ற சொல்லுக்கே பதினைந்து பைட். நீண்ட கட்டுரை ஆங்கிலத்தைவிடப் பெரிய கோப்பாகவே இருக்கும். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். அதனால் ஜிஜிப் அல்லது பிராட்லி சுருக்கத்தைச் சர்வரில் இயக்கினால் தமிழ் மிக நன்றாகச் சுருங்கும். உங்கள் சர்வரில் அது அணைந்து கிடக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் இயக்கிவிடுவார்கள்.

இனி, கட்டுரைகள் தேடலில் ஏன் வரவில்லை என்பது. புதிதாகத் தட்டச்சு செய்தவை யூனிகோடில் இருக்கின்றன. அவை நன்றாகவே வருகின்றன. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நீங்கள் சேர்த்த கட்டுரைகள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருக்கின்றன. அதற்குரிய எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அங்கே இருப்பது பொருளற்ற ஐரோப்பியக் குறிகளின் வரிசைதான். யாராவது தமிழில் தேடினால் அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூடப் பொருந்தாது. பக்கத்தை அரை விநாடியில் திறக்க வைத்தாலும் நிலைமை மாறாது. என்னைக் கேட்டால், எழுத்துரு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

டிஸ்கியை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. மொத்தமாக மாற்றிவிட்டு அப்படியே ஏற்றாதீர்கள். மேற்கோள் குறி போன்றவை வரும் இடங்களில் மாற்றிகள் தடுமாறலாம். கொ, கோ, கௌ வரிசைகளையும் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் குழுவில் ஆளுக்கு ஓர் இதழ் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கட்டுரைப் பெயர், எழுதியவர், இதழ், ஆண்டு நான்கையும் தமிழில் எழுதுங்கள். இப்போது எல்லாப் பக்கத்துக்கும் தளத்தின் பெயரே தலைப்பாக இருக்கிறது. பக்க முகவரிகளை மாற்ற வேண்டாம். பல்கலைக்கழக ஆய்வுகளிலும் கட்டுரைகளிலும் பலர் அவற்றைச் சுட்டியிருப்பார்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் போடுங்கள். மாற்றி முடித்த பக்கங்களின் பட்டியலைத் தள வரைபடக் கோப்பாக, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் கொடுத்துவிடுங்கள். மாற்றிகளில் சிக்கல் வந்தால் ஒரு கட்டுரையை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.